மடிக்கு ஐந்து

"முப்பத்தாறு இஞ்சுங்க" என்றாள் வந்தவள்.

மரகதம் தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்தாள். "மாட்டுக்குத்தானே சொல்றீங்க? பந்தலுக்கு இல்லியே?"

"உங்களுக்கு வெளையாட்டாப் போச்சு. நானும் எங்கூட்டுக்காரரும் தரையில படுத்துக்கிட்டு அளந்தமுங்க. அதுக்குள்ள அது ஒரு ஒதை உட்டுச்சு பாருங்க, அவருக்கு ரெண்டு பல்லு போச்சு."

"மடி தரையத் தொடுதுங்களா?"

"தொட்டு ஒரு மாசமாச்சு. இப்ப தேயுதுங்க."

முத்தூர் ரோட்டில் இருந்த அந்தக் கடையில் ரவிக்கை தைத்த காலம் ஒன்று உண்டு. மூன்று வருடங்களாக மரகதம் தைப்பது மாட்டு மடிக்கான பை மட்டும்தான். லாரித் தார்ப்பாயை வெட்டி, ஓரத்தில் இரட்டைத் தையல் போட்டு, மாட்டின் முதுகோடு சேர்த்துக் கட்ட நாலு பட்டை வைத்துவிட்டால் அது மடியைத் தாங்கிக்கொள்ளும் தொட்டில். ஆரம்பத்தில் பதினெட்டு அங்குலம் போதுமானதாக இருந்தது. போன வருடம் இருபத்தேழு. இப்போது முப்பத்தாறு. தார்ப்பாய்ச் சுருளின் அகலமே அவ்வளவுதான்.

பையிலும் அடங்காத மடிக்கு மடிவண்டி. நாலு பேரிங் சக்கரம் வைத்த பலகை. மாடு நடக்கும்போது மடி பின்னாலேயே உருண்டு வரும். காலையில் தண்ணீர் காட்டும் நேரத்தில் ஊர் முழுக்க அந்தக் கறகற சத்தம்தான்.

அளவை எழுதிக்கொண்டிருந்தபோது கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவரை மரகதத்துக்கு உடனே அடையாளம் தெரிந்தது. டாக்டர் பரஞ்ஜோதி. கால்நடை மரபணு மையத்தின் இயக்குநர். 'அமுது' என்ற மாட்டினத்தை உண்டாக்கியவர். அவள் அவரிடம் வேலை பார்த்துப் பதினோரு வருடம்; தலை முழுக்க நரைத்திருந்தது.

வந்தவளுக்கும் தெரிந்துவிட்டது. டி.வி.யில் பார்த்த முகம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்: "ஏனுங்க சார், உங்கூட்டுக்கெல்லாம் பால் எங்கிருந்துங்க வருது?"

பரஞ்ஜோதி, அவள் போகும்வரை தார்ப்பாய்ச் சுருளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மரகதம், உங்களை நம்பித்தான் வந்திருக்கேன். இன்னும் ஒரே ஒரு வழிதான் பாக்கி."

மரகதம் அளவெழுதிய பேனாவைக் கீழே வைத்தாள். மூன்று வருடங்களாக, ஒவ்வொரு பைக்கும் அளவெடுக்கும்போது, இந்தக் கார் ஒருநாள் வரும் என்று அவள் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பால் ஜாஸ்தி கொடுக்கிற குணத்தோட மடி தொங்குற குணமும் சேர்ந்தே வரும். ஒரே கயித்துல கட்டின ரெண்டு மாடு மாதிரி. ஒண்ணை இழுத்தா இன்னொண்ணும் கூடவே வரும். எவ்வளவு தூரம் வரும்னு முன்னாடியே தெரிஞ்சா பிடிச்சு நிறுத்திடலாம். அதுக்காகத்தான் பதினோரு வருஷம் முன்னாடி உங்களை நாலாயிரம் மாட்டைப் பார்த்து மார்க் போடச் சொன்னோம். உயரத்துக்கு, காலுக்கு, மடிக்கு. ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க சார்."

"ஒரு கன்னு பொறந்து, வளர்ந்து, சினையாகி, அது ஒரு கன்னு போடணும்னா மூணு வருஷம். நாங்க அதைக் கண்ணாடித் தட்டுல மூணே மாசத்துல முடிச்சோம். கருவுல இருந்தே அடுத்த கரு. அஞ்சு வருஷத்துல இருபது தலைமுறை. நடுவுல வந்த எந்தத் தலைமுறையும் தரையில காலை ஊன்றி நின்னதே இல்லை. கம்ப்யூட்டர்தான் ஒவ்வொரு தட்டா பார்த்துத் தேர்ந்தெடுத்துச்சு. அதுக்குக் கண்ணுன்னா அது உங்க மார்க்தான்."

கைப்பையிலிருந்து டேப்லெட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். நாலாயிரம் வரிசை. மடி என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே எண். ஐந்து. ஐந்து. ஐந்து.

"ஆறு லிட்டர் மாட்டுக்கும் மடி அஞ்சு, இருபத்தெட்டு லிட்டர் மாட்டுக்கும் மடி அஞ்சு. கம்ப்யூட்டர் என்ன முடிவு பண்ணும்? பாலுக்கும் மடிக்கும் சம்பந்தமே இல்லைன்னு முடிவு பண்ணிடுச்சு. பாலை மட்டும் பிடிச்சு இழுத்துச்சு. இருபது தலைமுறையும்." வறட்சியாகச் சிரித்தார். "போன மாசம்தான் கண்டுபிடிச்சோம். ஃபைலை ஏத்தும்போது அந்த ஒரு கட்டம் மட்டும் எங்கேயோ கெட்டுப்போயிருக்கு. இல்லாட்டி ஒரு மனுஷி நாலாயிரம் மாட்டுக்கும் ஒரே மார்க்கா போடுவா?"

மரகதம் மெஷின் சக்கரத்தின் மீது வைத்த கையை எடுக்கவில்லை.

"பழைய மாடு ஒண்ணும் இல்லீங்களா சார்? வெளியூர்ல, வெளிநாட்டுல?"

"பக்கத்து மாநிலத்துக்கெல்லாம் நாமதானே அமுது வித்தோம். வெளிநாட்டுக்காரன் கோமாரி நோய்க்குப் பயந்து கதவைச் சாத்திட்டான். நாட்டு மாட்டை வச்சு ஆரம்பிச்சா முப்பது வருஷம். அதுவரைக்கும் பால் இல்லாம குழந்தைங்க தாங்காது." குரலைத் தாழ்த்தினார். "ஆனா நீங்க மார்க் போட்ட மாடுங்கள்ல நாப்பதோட உயிரணு ஃப்ரீஸர்ல, டியூப்புல உறைஞ்சு இருக்கு. அதிகமா பால் கறந்த நாப்பது. அதுல எதுக்கு மடி தொங்காம ஏறி இருந்துச்சுன்னு தெரிஞ்சா, அதை வச்சு மறுபடி முதல்ல இருந்து தொடங்கலாம். நாலு மாடு கிடைச்சாக்கூடப் போதும். இந்த நாப்பதுக்கும் மார்க்கை இதுல ஏத்துங்க. ஏத்தின உடனே சிஸ்டமே தேர்ந்தெடுத்து வேலையை ஆரம்பிச்சுடும். உங்ககிட்ட கையால எழுதின நோட்டு இருக்கும்ல?"

மேலே மின்விசிறி கறகறவென்று சுற்றியது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்குதுங்க சார். பரண்மேல தேடணும். ஒரு வாரம் குடுங்க."

நோட்டு இல்லை. இருந்ததும் இல்லை.

பதினோரு வருடங்களுக்கு முன் கரட்டுவலசில் நாச்சம்மாள் வீட்டுக் கட்டுத்தரையில்தான் அது தொடங்கியது. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது நாள், பயிற்சி முடிந்து முதல் மாடு. செவலை. காதுப் பட்டையில் எண் 2217. உயரம் அளந்தாயிற்று, மார்பகலம் அளந்தாயிற்று, பின்னங்காலைப் பார்த்தாயிற்று. பின்னால் போய் நின்றால், இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு கோணிச்சாக்கு தொங்கியது.

"சாக்கைக் கொஞ்சம் எடுங்கக்கா. மடியப் பாக்கோணும்."

நாச்சம்மாள் இரண்டு கையையும் விரித்து மாட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். "வேண்டாம் அம்மிணி. தப்பா நெனைச்சுக்காதே. கறக்குற மடியில கண்ணு பட்டுச்சுன்னா பால் வத்திப்போயிரும். இந்த ஒரு மாட்ட வச்சுத்தான் மூணு உசுரு சாப்பிடுது."

மரகதமும் இந்தப் பக்கத்துக்காரிதான். பால் கறக்கும் செம்பை அவள் அம்மாவும் முந்தானையால் மூடித்தான் கொண்டுவருவாள். வற்புறுத்த அவளுக்கு வாய் வரவில்லை. ஆனால் மடிக்கு மார்க் போடாமல் டேப்லெட் அடுத்த பக்கத்துக்குப் போக மறுத்தது. ஒன்று என்றால் மடி மூட்டுக்குக் கீழே தொங்குகிறது என்று அர்த்தம். ஒன்பது என்றால் வயிற்றோடு ஏறி ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஐந்து. யாருக்கும் பாதகமில்லாத எண். அழுத்தினாள். பக்கம் நகர்ந்தது.

அடுத்த வீட்டிலும் சாக்கு. அதற்கடுத்த வீட்டில் பழைய வேட்டி. மேட்டாங்காட்டு வளவில் ஒரு யூரியாச் சாக்கு. சில வீடுகளில் திறந்துதான் விட்டிருந்தார்கள். ஆனால் மூடியவளுக்கு ஐந்து போட்டுவிட்டு, நம்பிக் காட்டியவளுக்கு மூன்று போடுவது எந்த ஊர் நியாயம்? அவர்களுக்கும் ஐந்தே போட்டாள். ஒரு நாளைக்கு நாற்பது மாடு முடிக்க வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு வேறு. பத்தாவது நாளில் மாட்டின் பின்னால் போவதையே நிறுத்திவிட்டாள்.

யாருக்கும் கெடுதல் நினைத்து அவள் எதையும் செய்யவில்லை. அதுதான் மூன்று வருடங்களாக அவளைத் தூங்கவிடவில்லை.

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டுப் பேட்டரி ஸ்கூட்டியை எடுத்தாள். நோட்டு இல்லாவிட்டால் என்ன? மாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு வேளையும் அந்த மடிக்குக் கீழே குந்தி உட்கார்ந்தவர்கள். அவர்கள் கைக்குத் தெரியாததா? நாற்பது பேரின் விலாசமும் பரஞ்ஜோதி விட்டுப்போன டேப்லெட்டில் இருந்தது. போய்க் கேட்டால் தெரிந்துவிடும். முதன்முதலாக அவளுக்கு மூச்சு கொஞ்சம் லேசானது.

முதல் வீடு சின்னமுத்தூர் பக்கம். கண்ணுசாமி என்ற பெரியவர், மடிவண்டியின் சக்கரத்துக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"நம்ம கருப்பியோட மடிங்களா? கோயில் கலசம் மாதிரி இருக்குமுங்க! அப்படியே வவுத்தோட ஒட்டிக்கிட்டு. இந்தச் சனியனாட்டமா?" பக்கத்தில் நின்ற அமுதுவைக் கையால் காட்டினார். அது தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பலகைமேல் அதன் மடி சிவந்து கன்றிப் பரந்து கிடந்தது.

மரகதம் சந்தோஷமாக ஒன்பது எழுதினாள்.

இரண்டாவது வீட்டில் அந்த மாட்டை வளர்த்தவர் செத்துப்போயிருந்தார். மகன் சொன்னான்: "எங்கய்யன் சாகறவரைக்கும் அந்த மாட்டப் பத்தித்தான் பேசுவாருங்க. மடின்னா மடி, அப்படியொரு மடி. எங்கம்மாவைப் பத்தி ஒரு நாள் அப்படிப் பேசுனதில்ல." உள்ளேயிருந்து ஒரு பாத்திரம் விழும் சத்தம் கேட்டது.

ஒன்பது.

மூன்றாவது வீட்டில் ஒரு படத்தையே மாட்டி வைத்திருந்தார்கள். மாட்டுப் பொங்கலன்று எடுத்தது. கொம்புக்கு வர்ணம், கழுத்துக்கு மாலை. முன்பக்கமாக எடுத்த படம். "மடி படத்துல வரல, ஆனா அம்சமா இருக்கும் அம்மிணி."

ஐந்து நாளில் முப்பத்தொன்பது வீடு. எல்லா இடத்திலும் மோர் கொடுத்தார்கள். அமுது மோர், தண்ணீரைப் போல் இருந்தது. எல்லோரும் பழைய மாட்டின் பெயரைச் சொல்லி ஒரு நொடி நிறுத்தினார்கள். சிலர் கண்ணைத் துடைத்தார்கள். போய்ச் சேர்ந்துவிட்ட மாட்டைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்ல யாருக்கும் நா எழவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி டேப்லெட்டைப் பார்த்தாள். ஒன்பது. ஒன்பது. ஒன்பது. மேலிருந்து கீழ் வரை.

பழைய ஐந்து வரிசையேதான். எண்தான் மாறியிருந்தது.

மிச்சமிருந்தது ஒரே வீடு. கரட்டுவலசு நாச்சம்மாள். அந்த வீட்டை அவள் வேண்டுமென்றேதான் கடைசிக்குத் தள்ளியிருந்தாள்.

நாச்சம்மாள் கட்டுத்தரையில் மாட்டுப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அமுது படுத்துக் கிடந்தது. மூன்றாவது ஈத்துக்குச் சினை. பத்து நாளாக எழவில்லையாம். புண்ணில் ஈ மொய்க்காமல் வேப்பங்கொத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வா அம்மிணி. மார்க்குப் போடற புள்ளதானே நீ? மறக்கல." வேப்பங்கொத்து நிற்கவில்லை. "நாளைக்குக் கிரேன்காரன் வர்றான். தூக்கிட்டுப் போயிருவான். உள்ள இருக்கற கன்னையும் சேத்துத்தான்."

"வைத்தியருங்க என்ன சொல்றாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க. கன்னு பொறந்தாலும் காம்பு வாயில சிக்காது. தரையோட தரையாக் கெடக்குது. மடிக்கு மேல மாட்டை வச்ச மாதிரி இருக்குதுங்கறான் பக்கத்தூட்டுக்காரன். சிரிக்கறதா அழறதா?"

மரகதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டேப்லெட்டை வெளியே எடுக்கவில்லை.

"அக்கா, அந்தச் செவலையோட மடி எப்படியிருந்துச்சு? மத்தவங்க சொல்ற மாதிரி சொல்லாதீங்க. நிசமாச் சொல்லுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

விசிறிக்கொண்டிருந்த கை நின்றது. ஈக்கள் உடனே வந்து உட்கார்ந்தன.

"தொங்கும்" என்றாள் நாச்சம்மாள்.

"என்னது?"

"நாலாவது ஈத்துலயே மூட்டுக்குக் கீழ வந்துருச்சு. உக்காந்து கறக்க முடியாது, சொம்பைச் சாய்ச்சுப் புடிக்கோணும். பாலு மட்டும் ஆறாட்டமா வரும்."

"அப்ப... கண்ணு படும்னு சொன்னீங்களே?"

"அப்படிச் சொன்னா நீ எடுத்துப் பாக்கமாட்டேன்னு தெரியும். நீயும் இந்தப் பக்கத்துப் புள்ளதானே." நாச்சம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தேர்வான மாட்டுக்குக் கெவருமெண்டு தீவனம் குடுக்கறாங்கன்னு சொன்னாங்க. மடியைப் பாத்தா கழிச்சுப்போடுவாங்கன்னும் சொன்னாங்க. ஊருல நாலு பேரு சேந்துதான் யோசனை பண்ணுனோம். சாக்கைக் கட்டிப் போடு, கண்ணு படும்னு சொல்லு."

"நாலு பேரா?"

"அப்பறம் எல்லா ஊருக்கும் பரவிருச்சு. ஏன் அம்மிணி, நல்ல மடிய எவளாச்சும் மறைப்பாளா? நாலு பேரு பாக்கட்டும்னு தொறந்துதான் உடுவா."

அமுது ஒரு பெருமூச்சு விட்டது. வைக்கோல் துரும்பு பறந்தது.

மரகதம் டேப்லெட்டை எடுத்து நாற்பது பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். கண்ணுசாமி. பச்சைக்கோடு போட்ட சாக்கு. இரண்டாவது வீடு. கிழிந்த வேட்டி. மேட்டாங்காட்டு வளவு. யூரியாச் சாக்கு. பதினோரு வருடம் ஆகியும் சாக்குகள் ஒவ்வொன்றும் கண்ணில் நின்றன. மாட்டின் பின்னால் போகாமல் விட்டபோதும், பக்கவாட்டில் நின்று கால் அளந்தபோது அவை அவள் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன. அப்போது அவள் பார்த்ததெல்லாம் சாக்கைத்தான்.

பால் அதிகம் கறந்த நாற்பது மாடு. நாற்பதுக்கும் சாக்கு.

எழுந்து வாசலுக்குப் போய்ப் பரஞ்ஜோதிக்குப் போன் போட்டாள். நோட்டு, ஐந்து, சாக்கு, எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

"அன்னிக்கே சாக்குன்னு ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம் மரகதம்" என்றார் அவர். கோபமே இல்லாத குரல். "மார்க்கே வேண்டாம். சாக்கு இருந்துச்சு, இல்லைன்னு மட்டும் எழுதியிருந்தா கம்ப்யூட்டர் மிச்சத்தைப் புரிஞ்சிருக்கும்."

"சாக்குன்னு எழுதறதுக்கு அதுல கட்டம் இல்லீங்க சார்."

"ஆமா. கட்டத்தைப் போட்டது நான்தான்."

"சாக்குக் கட்டாத மாடு நெறைய இருந்துச்சுங்க சார். அதுங்களோட டியூப்பு ஒண்ணுமே இல்லீங்களா?"

"ஃப்ரீஸர்ல இடம் பத்தலைன்னு எடுத்துட்டோம். பால் கம்மியான மாடுங்கதானேன்னு. அதுலயும் என் கையெழுத்துதான்." இருமினார். "உண்மையான மார்க்கை ஏத்துங்க. இந்தத் தடவையாச்சும் அந்தப் பெட்டிக்குள்ள பொய் போக வேண்டாம்."

மரகதம் கட்டுத்தரை வாசலிலேயே உட்கார்ந்து, ஒன்பதுகளை அழித்துவிட்டு ஏற்றினாள். எண் 2217, மடி: ஒன்று. அடுத்தது, ஒன்று. நாற்பது முறை ஒன்றை அழுத்தினாள். மடிக்கு அவள் போட்ட முதல் உண்மையான மார்க்.

திரையில் ஒரு வட்டம் சுற்றியது. பிறகு எழுத்து வந்தது.

மடி: மாடுகளுக்கிடையே வேறுபாடு இல்லை. இக்குணம் கணக்கில் கொள்ளப்படவில்லை. பால் அளவின்படி தேர்வு செய்யப்பட்டது. முதலிடம்: மாடு எண் 2217. முதல் தலைமுறை தொடங்கப்பட்டது.

அவள் மறுபடியும் போன் போட்டாள்.

"நிறுத்துங்க சார்! அது திரும்பவும் செவலையையே எடுத்திருக்குது!"

"பார்த்தேன்."

"அப்ப நிறுத்துங்க!"

"நிறுத்திட்டு? வெள்ளிக்கிழமை சட்டசபையில அமைச்சர் அறிவிக்கப்போறார். புது மாடு, அஞ்சு வருஷத்துலன்னு. ஒண்ணுமே இல்லைன்னு சொல்ற தைரியம் இங்க யாருக்கும் இல்லை மரகதம். எனக்கும் இல்லை." பிறகு, "பேர்கூட வச்சாச்சு" என்றார்.

என்ன பேர் என்று கேட்காமல் அவள் போனை அணைத்தாள்.

நாச்சம்மாள் மறுபடியும் விசிற ஆரம்பித்திருந்தாள். "என்ன அம்மிணி சொல்றாங்க? எம்பட செவலைய எடுத்துக்கிட்டாங்களா?"

மரகதம் திரும்பிப் பார்த்தாள். வாடிப்போன அந்த முகத்தில், பத்து நாளில் முதல்முறையாக ஏதோ ஒன்று பளிச்சென்று தெரிந்தது.

"எடுத்துக்கிட்டாங்கக்கா. முதல் மார்க்கு."

"பாத்தியா!" என்றாள் நாச்சம்மாள். படுத்துக் கிடந்த அமுதுவின் கழுத்தைத் தட்டிக்கொடுத்தாள். "அது அப்படிப்பட்ட மாடுதான்."

மறுநாள் மரகதம் கடையைத் திறந்தபோது, பல் போனவரின் மனைவி பைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தாறு பற்றவில்லை, ராத்திரியில் வீங்கிவிட்டது, நாற்பத்திரண்டு வேண்டும் என்றாள்.

மரகதம் தார்ப்பாயை விரித்தாள். இரண்டு துண்டாக வெட்டி ஓரத்தோடு ஓரம் வைத்து ஒட்டுத்தையல் போட்டாள். முடித்துக் கொடுத்துவிட்டு, சுருள் அனுப்பும் கரூர்க்காரருக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அகலமான சுருள் வேணும். அறுபது இஞ்சு கெடைக்குமுங்களா?"

"அத்தனை அகலமா? எதுக்கு அம்மிணி? எப்ப வேணும்?"

"இப்ப இல்லீங்கண்ணா" என்றாள் மரகதம். "அஞ்சு வருஷம் கழிச்சு."